மூடியில் திகதி எழுதுங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்லூரியின் மனையியல் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "தோட்டத்தில் விளைந்ததை வீட்டில் பழுதாகாமல் வைத்திருப்பது பற்றிப் பேசுகிறேன்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அக்கா, ஊறுகாயோ?" என்றார். "ஓம், ஊறுகாய்தான்" என்றேன். பெண் கல்வி பற்றியும் கல்லூரியின் வரலாறு பற்றியும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அடுப்படி. இருபது வருடத்துக்கு மேல் மனையியல் படிப்பித்தவள் நான். அதைப் படித்ததும் இதே கூடத்தில்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தக் கூடத்தில் இரண்டு மண்ணெண்ணெய் அடுப்புகள், ஒரு பெரிய அலுமினியத் தாச்சி, நீளமான மர அகப்பை ஒன்று, கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி ஒன்று இருந்தன. வெளிநாட்டுச் சாமான்கள் கடைகளில் இல்லாத காலம் அது. தோட்டக்காரருக்கு நல்ல காலம். மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போயின. எங்கள் மனையியல் ரீச்சர், "கடையில இல்லையெண்டு அழாதேங்கோ பிள்ளையள், செய்யப் பழகுங்கோ" என்று சொல்லி விளாம்பழ ஜாம், தக்காளி சோஸ், தேசிக்காய்க் கோடியல், அன்னாசி ஜாம் எல்லாம் செய்விப்பார். பழைய போத்தல் கொண்டுவராத பிள்ளைக்கு அன்றைக்கு ஜாமும் இல்லை, புள்ளியும் இல்லை.

அவரிடம் மூன்று கட்டளைகள் இருந்தன. ஒன்று, போத்தலின் மூடியில் திகதி எழுத வேண்டும். இரண்டு, சந்தேகம் வந்த போத்தலை நாக்கில் வைக்கக்கூடாது. மூன்றாவது, புளிப்பில்லாததை அவித்து அடைக்கக்கூடாது. மூன்றையும் கொப்பியில் எழுதினோம். முதல் இரண்டும் எங்களுக்கு விளங்கின. மூன்றாவது எனக்கு விளங்க முப்பது வருடம் எடுத்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காயோ பழமோ ஏன் பழுதாகிறது? பற்றீரியா, மதுவம், பங்கசு என்று கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் அதைத் தின்னத் தொடங்குகின்றன. காய்க்குள்ளேயே இருக்கும் நொதியங்களும் அதை மெல்ல மெல்லக் கனிய வைத்து அழுக வைக்கின்றன. அந்தச் சீவன்களுக்குத் தண்ணீர் வேண்டும், இதமான சூடு வேண்டும், அதிகம் புளிக்காத இடம் வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்றைப் பறித்துவிட்டால் அவை அடங்கிவிடும். வெயில் தண்ணீரைப் பறிக்கிறது. உப்பும் சீனியும் தண்ணீரைக் கட்டிப்போடுகின்றன. புளிப்பு இடத்தைக் கெடுக்கிறது. நெருப்பு நேராகவே கொல்கிறது. உலகத்தில் உள்ள அத்தனை ஊறுகாய், வற்றல், ஜாம், கருவாடு எல்லாம் இவ்வளவுக்குள்ளே அடங்கிவிடும்.

போத்தலில் அடைத்துச் சூடாக்கும் முறை வெள்ளைக்காரரிடம் இருந்து வந்தது. பிரான்சில் நிக்கொலா அப்பேர் என்ற சமையற்காரர், படைக்கு உணவு கெடாமல் கொண்டுபோக வழி தேடிய அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு பெற்று, 1810இல் தம்முடைய முறையைப் புத்தகமாக வெளியிட்டார். உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதை விளக்க லூயி பாஸ்டர் வரும்வரை இன்னும் ஐம்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆச்சிமாரும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செய்யத் தெரியும்.

எங்கள் ஊரில் முதலில் வந்தது வெயில். தை மாதம் மழை விட்டதும் முற்றத்தில் பாய் விரிபடும். ஆவணியிலும் புரட்டாதியிலும் விழுந்த பனம்பழத்தைப் பிசைந்து, களியை வடித்து, பந்தலில் விரித்த பாயில் நாளுக்கு ஒரு படையாக ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. அதைத் துண்டாக்கிப் பாணியில் ஊறவிட்டால் பாணிப்பனாட்டு. விதையைப் பாத்தியில் புதைத்துக் கிழங்கு வந்ததும் அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்; அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒரு பழம் விழுந்தால் அது அடுத்த மாரிவரைக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். போத்தலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

மோர்மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாயை நுனியில் கீறி, உப்புப் போட்ட மோரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் எடுத்து வெயிலில் காயவைத்து, பின்னேரம் திரும்பவும் அதே மோருக்குள் போட வேண்டும். மோர் வற்றும்வரைக்கும் இதே வேலை. இதில் உப்பு இருக்கிறது, மோரின் புளிப்பு இருக்கிறது, வெயில் இருக்கிறது. மூன்று காவல். ஒரு காவல் அசந்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். வேப்பம்பூ வடகம், வாழைப்பொத்தி வடகம், பாவற்காய் வற்றல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். காய்ந்ததா என்று பார்க்க அம்மா ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து முறிப்பார். "சட்" என்று கேட்டால் உள்ளே போகும். வளைந்தால் இன்னொரு வெயில். அந்தச் சத்தம்தான் எங்கள் வீட்டு ஈரப்பத மானி.

அடுத்தது உப்பு. போருக்கு முந்திய காலத்தில் எங்கள் வீட்டுக்கு ஆனையிறவுக் கல்லுப்புத்தான் வரும். தேசிக்காயை அடி விடாமல் நாலாகக் கீறி, உள்ளே உப்பை அடைந்து, சாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைப்பார்கள். ஈரக் கை படக்கூடாது. உலோகக் கரண்டி போடக்கூடாது. இதெல்லாம் மூட நம்பிக்கை என்று சின்ன வயதில் நினைத்தேன். ஈரக் கையோடு புதிய கிருமி உள்ளே போகிறது, மேலே உப்பு நீர்த்துப்போகிறது. உலோகத்தைப் புளிப்பு அரிக்கிறது. ஆச்சி சொன்ன இரண்டுக்கும் காரணம் இருந்தது.

பிறகு சீனி. ஜாமுக்கு ரீச்சர் சொன்ன கணக்கு, ஒரு இறாத்தல் பழக்களிக்கு ஒரு இறாத்தல் சீனி. இன்றைய கணக்கில் 450 கிராமுக்கு 450 கிராம். காய்ச்சி முடிக்கும்போது அதில் கரைந்திருக்கும் திண்மம் நூற்றுக்கு 65க்கு மேல் வர வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 பாகை செல்சியஸ். இல்லாவிட்டால் குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு, விரலால் தள்ளிப் பாருங்கள். சுருக்கம் விழுந்தால் இறக்கலாம். விளாம்பழத்தில் பெக்டினும் புளிப்பும் தாராளமாக இருப்பதால் அது தானாக இறுகும். பப்பாசிப்பழத்தில் புளிப்புக் குறைவு. அதற்குத் தேசிப்புளி கட்டாயம் விட வேண்டும். "உடம்புக்குக் கூடாது" என்று சீனியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஜாம் பூஞ்சணம் பிடிக்கிறதே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சீனி அங்கே இனிப்புக்கு மட்டும் போடுவதில்லை, அதுதான் காவல்காரன். காவலைக் குறைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவாகச் சாப்பிட்டு முடியுங்கள்.

ரீச்சர் சொல்லித் தந்த ஒன்றை இன்று திருத்தவும் வேண்டும். ஜாமின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி மூடச் சொன்னார். அது இப்போது பாதுகாப்பு இல்லை என்கிறார்கள். மெழுகு சுருங்கி ஓரத்தில் வழி விடும். மேலே பூஞ்சணம் பிடித்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம். அதையும் இப்போது வேண்டாம் என்கிறார்கள்; முழுப் போத்தலையும் வீச வேண்டும். ரீச்சர் இருந்திருந்தால் கோபிக்க மாட்டார். "புதுசாத் தெரிஞ்சால் கொப்பியில வெட்டித் திருத்தி எழுது" என்பதும் அவர் சொன்னதுதான்.

இனிப் போத்தலின் கதைக்கு வருகிறேன். 1990இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னானது. அந்த நாட்களில் குடாநாட்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஜாம் போத்தல் அலுமாரியை விட்டு இறங்கி மேசைக்கு வந்தது. அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் அளந்து விட்ட மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. எத்தனை பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் சாதாரண தரமும் உயர்தரமும் படித்து எழுதினார்கள்! இந்தக் கூடத்திலேயே இருக்கிறீர்கள். நான் அப்போது படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஜாம் பாடம் வந்தபோது ஒரு பிள்ளை எழுந்து, "ரீச்சர், போத்தல் எல்லாம் விளக்காப் போச்சு, ஜாமை எதுக்குள்ள விடுறது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஜாம் பாடத்தை விட்டுவிட்டு, வடகமும் வற்றலும் செய்வித்தேன். பாடத்திட்டத்தில் எது இருந்தாலும், வீட்டில் எது இருக்கிறதோ அதுதான் அன்றைய பாடம்.

1995 ஒக்ரோபர் 30. அந்த இரவை நான் விவரிக்கத் தேவையில்லை. நடந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழையில், அடி அடியாக. எங்கள் வீட்டில் எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் நின்றபோது, அம்மா அடுப்படிக்குள் போய் ஊறுகாய்ச் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

"அம்மா, உங்களுக்கு விசரே? உறுதியள், சேட்டிபிக்கேற்றுகள் கிடக்கு, உதை ஏன் தூக்கிறீங்கள்?"

"கடதாசியை நீ கொண்டு வா பிள்ளை. நாளைக்குச் சோறு ஆரும் தருவினம். சோத்துக்கு என்னத்தை வைக்கிறது?"

சைக்கிள் கரியரில் சாடியைச் சாக்கால் சுற்றிக் கட்டினோம். என் மனையியல் கொப்பிகள், ரீச்சரின் கையெழுத்துப் போட்ட பழைய கொப்பி உட்பட, அலுமாரியில் நின்றன. திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்தேன்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கினோம். ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம். முதல் மூன்று நாட்களும் ஊரவர்கள் சோறும் கஞ்சியும் கொண்டுவந்து தந்தார்கள். கறி இல்லை. அம்மா சாடியைத் திறந்து, ஆளுக்குக் கால் தேசிக்காய் என்று பிட்டுப் பிட்டு வைத்தார். முன்பின் அறியாத ஒரு கிழவர் கஞ்சியை வாயில் வைத்துவிட்டு, "எந்த ஊர் ஊறுகாய் தங்கச்சி?" என்று கேட்டார். அம்மா ஊரின் பெயரைச் சொன்னார். அந்த வகுப்பறையில் யாரும் பிறகு ஒன்றும் பேசவில்லை. சாடி இருபது நாள் வந்தது. அடுத்த வருடம் வீட்டுக்குத் திரும்பியபோது அலுமாரி இல்லை. கொப்பிகளும் இல்லை. அம்மா எடுத்ததுதான் சரி என்று அவருக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை. இன்றைக்கு இங்கே சொல்கிறேன்.

பின்னர் கனடாவுக்குப் போனோம். ரொறன்ரோவில் சொந்தமாக ஒரு வீடு வாங்கியது 2001இல். பின்வளவில் ஒரு துண்டு நிலம். தக்காளி, கறிமிளகாய், பயித்தங்காய் போட்டேன். அந்த முதல் கோடையில் பயித்தங்காய் காய்த்த காய்ப்பை என்னால் இன்றைக்கும் மறக்க முடியாது. அயலவருக்குக் கொடுத்தும் தீரவில்லை. பனி வருவதற்கு முன் என்ன செய்யலாம்? வற்றல் போட வெயில் இல்லை. கடையில் அழகான மூடி போட்ட போத்தல்கள் விற்றன. நான் மனையியல் ரீச்சர்தானே, தெரியாததா? காயை வெட்டி, உப்புத் தண்ணீரோடு போத்தலில் அடைத்து, கொதிக்கும் தண்ணீர்ப் பானையில் அரை மணித்தியாலம் வைத்து எடுத்தேன். பன்னிரண்டு போத்தல். மூடிகள் ஒவ்வொன்றாக "டக், டக்" என்று உள்ளே இறுகின. வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தபோது, ஊரை விட்டு வந்தபின் முதல்தடவையாக, எங்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று பட்டது.

மார்கழியில் ஒரு போத்தலைத் திறந்தேன். "உஸ்" என்று காற்று வெளியே வந்தது. தண்ணீர் சற்றுக் கலங்கியிருந்தது. மணம் அவ்வளவு மோசமில்லை. கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனேன். அப்போது ரீச்சரின் குரல் கேட்டது என்று சொன்னால் நீங்கள் கதை விடுகிறேன் என்பீர்கள். கேட்கவில்லை, கொப்பியின் அந்தப் பக்கம்தான் கண்ணுக்குள் வந்தது. சந்தேகம் வந்த போத்தலை நாக்கில் வைக்கக்கூடாது. அதற்குக் கீழே, புளிப்பில்லாததை அவித்து அடைக்கக்கூடாது. கரண்டியைக் கீழே வைத்தேன். பன்னிரண்டு போத்தலும் குப்பைக்குப் போயின. அன்றிரவு அழுதேன். கோடை முழுவதும் பட்ட பாட்டை நினைத்து அழுதேன் என்றுதான் அப்போது நினைத்தேன். எதிலிருந்து தப்பினேன் என்று அடுத்த மாதம், பக்கத்து நூலகத்தில் நடந்த ஒரு வகுப்புக்குப் போனபோதுதான் விளங்கியது.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். வாசிப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டுதரம் வாசியுங்கள்.

மண்ணில் கிளொஸ்ற்றிடியம் பொட்டுலினம் என்ற ஒரு பற்றீரியா இருக்கிறது. காயோடு அதன் வித்திகள் வீட்டுக்குள் வரும். சாதாரணமாக ஒன்றும் செய்யாது. ஆனால் காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மூடி இறுகிய போத்தலுக்குள் இருக்கும் பயித்தங்காய் அதற்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. கொதிக்கும் தண்ணீரின் 100 பாகைச் சூடு அந்த வித்தியைக் கொல்லாது. 116 முதல் 121 பாகை வேண்டும். அது அழுத்தத்தில்தான் கிடைக்கும். அந்த நஞ்சு நரம்பைத் தாக்கும். பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாமல் வரும், கடைசியில் மூச்சுத் திணறும். இப்படி ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும்விட மோசமானது, நஞ்சுள்ள உணவு எப்போதும் மணக்காது, நிறமும் மாறாமல் இருக்கலாம். என் போத்தல் "உஸ்" என்று சொன்னது என் அதிர்ஷ்டம்.

எல்லைக்கோடு ஒரு இலக்கம். pH என்று புளிப்பை அளக்கும் அந்த அளவில் 4.6. அதற்குக் கீழே இருப்பவை புளிப்புள்ளவை: தேசிக்காய், விளாம்பழம், அன்னாசி, மாங்காய், வினாகிரியில் போட்ட ஊறுகாய். இவற்றைப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் வைத்தால் போதும். அதற்கு மேலே இருப்பவை பயித்தங்காய், முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைப்பொத்தி, கிழங்குகள், கீரை, இறைச்சி, மீன். இவற்றைக் கொதிநீரில் அடைக்கவே கூடாது. அதற்கென்று செய்த அழுத்தப் பானை வேண்டும். அதற்கென்று சோதித்து எழுதிய நேரக் கணக்கு வேண்டும். பருப்பு அவிக்கும் சின்னப் பிறெஷர் குக்கர் அதற்கு ஈடாகாது. அது விரைவாகச் சூடாகி விரைவாக ஆறிவிடும், கணக்குப் பிழைக்கும். அந்தப் பானை இல்லையா? அவித்து ஆறவிட்டு, உறைகுளிரில் வையுங்கள். அல்லது வற்றல் போடுங்கள். அல்லது வினாகிரியில் போடுங்கள். வழி இல்லாமல் இல்லை.

தக்காளி வேலியில் நிற்கும் பழம். சில வகை 4.6க்கு மேலே போய்விடும். ஆகவே அரை லீற்றர் போத்தல் ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். கடையில் போத்தலில் விற்கும் சாறே நல்லது. அதன் புளிப்பு எப்போதும் ஒரே அளவு. மசித்த தக்காளியைக் கொதிக்கக் கொதிக்க நிரப்பி, அரை அங்குலம் வெற்றிடம் விட்டு, மூடிக் கொதிநீரில் 35 நிமிடம் வையுங்கள். ஜாமுக்குக் கால் அங்குல இடமும் 10 நிமிடமும். சூட்டோடு மூடிக் கவிழ்த்துவைத்தால் போதும் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த நேரங்கள் யாழ்ப்பாணம், கொழும்பு, ரொறன்ரோ போன்ற தாழ்ந்த இடங்களுக்கு. நுவரெலியாவில் இருக்கும் தங்கைமாரே, உங்கள் ஊரில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். உங்களுக்கு நேரம் கூட வேண்டும்.

இன்னும் ஒன்று. உள்ளியை உரித்து எண்ணெயில் போட்டு மேசையில் வைத்திருப்பது இப்போது பலர் வீட்டில் பழக்கம். எண்ணெய் காற்றை அடைத்துவிடும். உள்ளியில் புளிப்பு இல்லை. 1985இல் கனடாவின் வன்கூவரில் எண்ணெயில் போட்ட உள்ளியால் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயில் விழுந்தார்கள். செய்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

எங்கள் ஆச்சிமாருக்கு pH தெரியாது. ஆனாலும் அவர்கள் ஒருநாளும் பயித்தங்காயைப் போத்தலில் அடைக்கவில்லை. கத்தரிக்காயை உப்பும் வெயிலும் இல்லாமல் வைக்கவில்லை. எது தெரிந்து அப்படிச் செய்தார்கள்? யாரோ எப்போதோ பட்ட பாடு பழக்கமாக மாறி அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. நாங்கள் ஊர் மாறியபோது கை கூட வந்தது. வெயில் கூட வரவில்லை. அங்கேதான் நான் தவறினேன். கை பழகியதை இடம் மாறிச் செய்யும்போது, அதன் காரணமும் தெரிய வேண்டும்.

அம்மா பின்னர் எங்களோடு வந்து இருந்தார். எண்பது வயதிலும் ஊறுகாய் போடுவது அவர்தான். அளவு கேட்டால், "கை சொல்லும்" என்பார். ஒருநாள் நான் சமையல் தராசைக் கொண்டுவந்து வைத்து, "அம்மா, உப்பை இதில போடுங்கோ" என்றேன். "என்ன, என்னைச் சோதிக்கிறியோ?" என்று முறைத்துவிட்டு ஒரு கைப்பிடி போட்டார். 38 கிராம். இரண்டாவது 41. மூன்றாவது 40. இருபத்தைந்து தேசிக்காய்க்கு ஐந்து கைப்பிடி. ஒரு கிலோவுக்கு 200 கிராம். இதை எழுதினேன். எத்தனை நாள் வெயில், எப்போது மிளகாய்த்தூள், எப்போது வெந்தயம் எல்லாம் எழுதினேன். "இதையெல்லாம் ஏன் எழுதிறாய், நான்தானே இருக்கிறன்" என்றார். அடுத்த வருடம் அவர் இல்லை.

என் மகளின் கை என் கையைவிடச் சின்னது. அவள் ஐந்து பிடி போட்டால் உப்புக் காணாது, ஊறுகாய் பழுதாகும். 200 கிராம் போட்டால் அம்மாவின் ஊறுகாய் வரும். போன வருடம் வந்தது.

அதனால் இந்த நூற்றாண்டில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சங்கத்துக்குப் பணம் கேட்கும் உரைகள் இன்றைக்கு வேறு இருக்கின்றன; நான் பணம் கேட்கவில்லை. இங்கே இருப்பவர்களும் இந்த மலரை வாசிப்பவர்களும், உங்கள் வீட்டில் இன்னும் கையால் அளக்கும் அம்மாவோ, மாமியோ, பெரியம்மாவோ, அக்காவோ இருந்தால், ஒரு தராசோடு பக்கத்தில் போய் இருங்கள். ஒன்றே ஒன்றை எழுதி எடுங்கள். உங்கள் ஊர்ப் பனாட்டாக இருக்கலாம், மாங்காய் வற்றலாக இருக்கலாம், வடகமாக இருக்கலாம். எத்தனை கிராம், எத்தனை நாள், எந்த மாதம், எந்த ஊர். அடியில் அவர்களின் பெயர். அதைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். கல்லூரி நூலகத்தில் ஒரு கொப்பியாக இருக்கட்டும். நான் இழந்த கொப்பிக்குப் பதிலாக.

இன்றைய மாணவிகளுக்கு ஒரு சொல். கடையில் எல்லாம் கிடைக்கிறது என்பது உண்மை. எங்களுக்கும் ஒரு காலத்தில் கிடைத்தது, பிறகு கிடைக்கவில்லை, பிறகு கிடைத்தது, 2022இல் திரும்பவும் கிடைக்கவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். நீங்கள் தினமும் ஜாம் காய்ச்ச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் வேறு.

என் ரீச்சர் இன்று இல்லை. அவருடைய மூன்று கட்டளைகளில் ஒன்று என் உயிரைக் காத்தது என்று அவருக்குச் சொல்லக் கிடைக்கவில்லை. உங்கள் ரீச்சர்மார் முன்வரிசையில் இருக்கிறார்கள். சொல்ல வேண்டியது ஏதும் இருந்தால், தேநீர் வேளையில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வாசலில் சின்ன மேசையில் ஊறுகாய்ப் போத்தல்கள் வைத்திருக்கிறேன். அம்மாவின் 200 கிராம் கணக்கில், கல்லூரி வளவுத் தேசிக்காயில், போன மாதம் மகளும் நானும் இங்கே வந்து தங்கியிருந்து போட்டது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். மூடியில் திகதி எழுதியிருக்கிறேன்.